ஆழினிக்கு முடிசூட்டும் தீர்மானத்தை நான் வழிமொழிய மாட்டேன்

அவைத் தலைமை ஏற்றிருக்கும் பேராசிரியர் திருநாவுக்கரசு அவர்களே! கடலூரிலிருந்து வந்து என் அருகே அமர்ந்திருக்கும் பதிப்பாளர் கலியமூர்த்தி அவர்களே! என்னை மாமா என்று அழைக்கும் உரிமை பெற்றவரும், இன்னும் சிறிது நேரத்தில் அந்த உரிமையே வேண்டாம் என்று சொல்லப்போகிறவருமான நம் வாசகர் வட்டச் செயலாளர் இளவரசு அவர்களே! இடமில்லாமல் வாசலில் நிற்கும் பெரியவர்களே! வேலை முடிந்து வீட்டுக்குப் போகாமல் நேரே இங்கு வந்திருக்கும் தாய்மார்களே! வணக்கம்.

வினோதினி எழுதிய ‘கழிமுகக் காவலர்’ என்ற இளையோர் கற்பனைத் தொடரின் நிறைவுப் பாகம் வெளிவந்திருக்கிறது. நான்கு பாகங்களாகக் கடற்பூதத்தோடு போராடிய படகுக்காரப் பெண் ஆழினி, ஐந்தாம் பாகத்தில் அதை வெல்கிறாள். அரியணை அவளுக்காகக் காத்திருக்கிறது. இளவரசன் கைநீட்டி நிற்கிறான். இரண்டும் வேண்டாம் என்று துடுப்பை எடுத்துக்கொண்டு அலையாத்திக் காட்டுக்குள் போய்விடுகிறாள். அதுதான் முடிவு. அதுதான் அவள் செய்த குற்றம்!

அந்த முடிவைக் கண்டித்து, மறுபதிப்பில் அவளுக்கு முடிசூட்டித் திருமணமும் செய்துவைக்கக் கோரும் தீர்மானத்தை நம் வட்டத்து உறுப்பினர் ராமாமிர்தம் முன்மொழிந்துவிட்டார். வழிமொழிய என்னை அழைத்திருக்கிறீர்கள். இது நிறைவேறினால் வேறொருவரை வைத்தாவது முடிவை மாற்றி அச்சிடுவேன் என்கிறார் பதிப்பாளர். எழுதிய வினோதினி இதோ கடைசி வரிசையில் அமர்ந்திருக்கிறார். அவரை மேடைக்கு அழைத்தோமா? அவரிடம் ஒரு வார்த்தை கேட்டோமா?

நான் செய்தியாளன். ஒரு கருத்து எங்கிருந்து வந்தது என்று கேட்பது என் பிழைப்பு. நேற்று மேலவீதி டீக்கடையில் ராமாமிர்தத்தைக் கேட்டேன்: “ஐந்தாம் பாகம் படிச்சீங்களா?”

“எதுக்கு சார் முழுசா படிக்கணும்? கடைசிப் பக்கத்ததான் வாட்ஸப் குரூப்ல போட்டாங்கல்ல? ராணியா வருவான்னு பார்த்தா படகு தள்ளப் போறா. அநியாயம் சார்!”

“முதல் நாலு பாகம்?”

“பக்கம் ஜாஸ்தி சார்.”

சிரிக்காதீர்கள்! சிரிக்கிறவர்களில் எத்தனை பேர் அந்தக் கடைசிப் பக்கத்தோடு நின்றவர்கள்? என்ன அங்கே? நான் படித்தேனா என்றா கேட்கிறீர்கள்? ஐந்தையும் படித்தேன் ஐயா! மூன்றாம் பாகம் இழுவை. நிறைவுப் பாகத்தில் பூதம் மிகச் சுலபமாகச் சாகிறது. படித்துவிட்டு நீங்களும் திட்டுங்கள். திட்டுவது வாசகனின் உரிமை. திருத்தி எழுது என்று மிரட்டுவது யாருடைய உரிமை?

குமராட்சி மினிபஸ்ஸில் சத்யப்பிரியா என்ற கல்லூரி மாணவியைச் சந்தித்தேன். அவள் ஐந்து பாகமும் படித்தவள். “எனக்கும் முடிவு புடிக்கல சார். ரெண்டு நாள் சோறே எறங்கல” என்றாள். “அப்ப தீர்மானத்த ஆதரிக்கிறியாம்மா?” என்றேன். “எதுக்கு? நான் கோவிச்சுக்கிட்டது ஆழினிகிட்ட. அதுல இவுங்க யாரு நடுவுல?” என்றாள்.

அடுத்ததைக் கேளுங்கள். இன்று மதியம், நாளைய பத்திரிகையில் போடச் சொல்லி நம் செயலாளர் அனுப்பிய செய்திக்குறிப்பு என் கைப்பேசிக்கு வந்தது. ‘தீர்மானம் பலத்த கரவொலிக்கிடையே ஏகமனதாக நிறைவேறியது.’ கூட்டமே தொடங்கவில்லை, கரவொலி கிளம்பிவிட்டது! இளவரசுவை அழைத்தேன்.

“சாயங்காலம் அனுப்பினா நாளைக்குப் பேப்பர்ல வராது மாமா. வழக்கமா பண்றதுதான, உங்களுக்குத் தெரியாததா?”

தெரியும். மாலை போடுவதையும் பொன்னாடை போர்த்துவதையும் முன்கூட்டியே எழுதி அனுப்புவீர்கள், போகட்டும். ஒருவர் ஆண்டுக்கணக்கில் உழைத்து எழுதிய முடிவையுமா முன்கூட்டியே தீர்த்துக் கட்டுவது? படிக்காமல் கண்டனம்! கேட்காமல் தண்டனை! கூடாமல் ஏகமனது! கதையில் வரும் ஒரு பெண் கிரீடம் வேண்டாம் என்று சொல்வதற்குக்கூட நம்மிடம் அனுமதி வாங்க வேண்டுமா?

தலைவர் அவர்களே, நான் வழிமொழிய மாட்டேன். ஐந்தாம் பாகத்தை முழுதாகப் படித்த ஒருவர் எழுந்து வழிமொழியட்டும், நான் அமர்ந்துவிடுகிறேன்.

எழுந்திருங்கள்... ஒருவருமா இல்லை?

தலைவர் தீர்மானத்தாளை மடித்து வைக்கிறார். கலியமூர்த்தி அவர்களே, மறுபதிப்பு? இந்த ஒலிவாங்கியில் சொல்லுங்கள்.

“அப்புடியே போட்டுடுறேங்க.”

கேட்டீர்களா? இப்போது தட்டுங்கள் கைகளை!

வினோதினி, மேடைக்கு வாருங்கள். முடிவு பிடிக்காதவர்கள் இவர் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். இவர் பதில் சொல்லட்டும். என் கோபத்தைப் பொறுத்துக்கொண்ட அவைக்கு நன்றி. என் இருக்கையை இவருக்கு விட்டு விடைபெறுகிறேன். வணக்கம்!