பாப்பா ஸ்கூலுக்குப் போயிருக்கா

வியாழக்கிழமைகளில் பஸ்ஸில் கூட்டம் இருக்காது, என்னைப் போல முழங்கால் வலிக்காரிக்கு உட்கார இடம் கிடைக்கும். அந்த நாளைப் பிடித்துக்கொண்டதற்கு வேறு காரணம் இல்லை, நர்ஸம்மா. ஆனால் நீங்கள் கவனித்துவிட்டீர்கள். வியாழன் சாயங்காலம் என் வீட்டுக்காரர் சாப்பாட்டைத் தொடுவதில்லை, வெள்ளி முழுக்கச் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார், நெஞ்சு தாங்காது என்கிறார் டாக்டர். கதவைச் சாத்திக்கொண்டு என்ன பேசுகிறேன் என்று கேட்கிறீர்கள். சொல்லாவிட்டால் இனி உள்ளே விடமாட்டேன் என்கிறீர்கள். மறைக்க என்ன இருக்கிறது, சொல்கிறேன்.

உங்கள் முதியோர் இல்லத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவர் மரியாதை கற்றுக்கொண்டதே இங்கே வந்துதான். கல்யாணமான நாளிலிருந்து நான் அவருக்கு ‘ஏய்’, கொஞ்சம் நல்ல மனநிலையில் இருந்தால் ‘இந்தா’. இப்போது மறதியில் நான் யாரென்று தெரியாததால் வாங்க, உட்காருங்க, வெயிலில் வந்தீர்களா என்று விசாரிக்கிறார். எனக்கே சிரிப்பு வரும்.

அப்புறம், “பாப்பா எங்கே?” என்பார். பாப்பா எங்கள் மகள். ஸ்கூலில் சேர்க்க வேண்டிய வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். அதை அவர் மறந்துவிட்டார். கேட்டால் “ஸ்கூலுக்குப் போயிருக்கா” என்று சொல்லுங்கள், சமாதானமாகிவிடுவார் என்று நீங்கள் எனக்குப் பாடம் எடுத்தீர்கள்.

நான் அப்படிச் சொல்வதில்லை. நாற்காலியை அவர் முகத்துக்கு நேரே இழுத்துப் போட்டுக்கொண்டு, “பாப்பா செத்துட்டா” என்கிறேன்.

ஒவ்வொரு தடவையும் அவருக்கு அதுதான் முதல் தடவை. வாய் கோணிக்கொள்ளும். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுவார். நன்றாக அழவிட்டு, “போதும், அழுது என்ன ஆகப்போகுது?” என்பேன்.

அது அவர் எனக்குச் சொன்ன வார்த்தை. பாப்பாவை எடுத்துக்கொண்டு போன அன்று சாயங்காலமே சொன்னார். லிஃப்ட் மெக்கானிக் அவர். மறுநாள் காலை டூல்ஸ் பையைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. அவள் பேச்சை எடுத்தால் தட்டை நகர்த்திவிட்டு எழுந்துபோவார். நான் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழப் பழகிக்கொண்டேன். இந்த மனுஷன் அழுவதை ஒரு நாளாவது கண்ணால் பார்க்க வேண்டும் என்று வயிறெரிந்து காத்திருந்தேன். இங்கே அது வாராவாரம் கிடைத்தது.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை, அழுகைக்கு நடுவே என் கையைப் பிடித்துக்கொண்டார். பழசு ஏதோ கலைந்து மேலே வந்துவிட்டது போல.

“உங்ககிட்ட சொல்றதுக்கென்ன. வேலைக்குப் போன எடத்துல லிஃப்ட் குழிக்குள்ள இறங்கி அழுதேன். மேல மோட்டார் ஓடுற சத்தத்துல வெளிய கேக்காது. வீட்டுல அழ முடியல. நான் உடைஞ்சா என் வீட்டுக்காரி தாங்கமாட்டா. அவகிட்ட சொல்லிடாதீங்க.”

சொல்லமாட்டேன் என்றேன். அன்று பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

நீங்கள் நினைப்பது புரிகிறது. அதோடு விட்டிருக்கலாம் என்றுதானே? நானும் யோசித்தேன். நான் குளியலறையில், அவர் குழிக்குள். சேர்ந்து உட்கார்ந்து அழ எனக்கு ஒரு ஆள் இருந்திருக்கிறது, அந்த ஆளை என்னிடமிருந்து ஒளித்து வைத்தவர் அவர். அழவில்லை என்றுதான் இத்தனை நாள் தண்டித்தேன். எனக்குத் தெரியாமல் அழுததற்கு இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

அதனால் அடுத்த வாரமும் வந்தேன். இப்போது கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். காய்ச்சல், காய்ந்த உதடு, கடைசி வரை ‘அப்பா எப்போ வருவாரு’ என்று அவள் கேட்டது. அவள் அப்படிக் கேட்கவில்லை. நானாகச் சேர்த்தது. அதற்குத்தான் அதிகம் அழுகிறார்.

டாக்டர் சொன்னது எனக்கும் தெரியும். தெரிந்துதான் செய்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். வேண்டுமானால் கதவைத் திறந்தே வைக்கிறேன். வர வேண்டாம் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

போன வாரம் கட்டிலில் நகர்ந்து எனக்கு இடம் விட்டார். “நீங்க ஏம்மா அழறீங்க?” என்று தன் துண்டை நீட்டினார். அதை எழுத வேண்டாம். மறதிக்காரர், எதையாவது பார்த்ததாகச் சொல்வார்.