தண்டனைக்கு ஒரு ரூம்

பொன்னழகு: ...அதெல்லாம் பேசாத மெஹராஜு. புதங்கிழமையானா திண்டுக்கல்லுலருந்து டவுன் பஸ் ஏறி வந்துர்ற. வாசல்ல மனநல ஆலோசனைன்னு போர்டு. உள்ள பாத்தா கேரம் போர்டு.

மெஹராஜ்: உக்காருங்க டீச்சர். மூச்சு வாங்குது.

பொன்னழகு: உக்கார வரல. ஹெச்.எம். விசாரிச்சிட்டு வரச் சொன்னாரு. இந்த ரூம் இருக்கட்டுமா, மூடிரலாமான்னு நாந்தான் சொல்லணும்.

மெஹராஜ்: ஓ... என் தலையெழுத்து கணக்கு டீச்சர் கையிலயா?

பொன்னழகு: சிரிக்காத. ஒம்பதாப்புல வீட்டுப்பாடம் எழுதாத நாலு பேர, தண்டனைன்னு சொல்லி உங்கிட்ட அனுப்புனேனா?

மெஹராஜ்: அனுப்புனீங்க. அழுதுக்கிட்டே வந்துச்சுங்க.

பொன்னழகு: போறப்ப சிரிச்சுக்கிட்டுல்ல போனாளுக. அடுத்த புதங்கிழமை பதினோரு பேரு எழுதல. இன்னைக்கு...

மெஹராஜ்: இன்னைக்கு?

பொன்னழகு: ஒருத்திகூட எழுதல. முப்பத்தாறு பேரும் எந்திரிச்சு நின்னு, "எங்களையும் அங்க அனுப்புங்க டீச்சர்"ங்குறாளுக.

மெஹராஜ்: யா அல்லா...

பொன்னழகு: சிரிக்காதன்னேன்ல.

மெஹராஜ்: நீங்களுந்தான் சிரிக்கிறீங்க.

பொன்னழகு: நா எங்க... சரி, அத விடு. அம்புட்டு நேரம் உள்ள உக்காந்து என்னதான் பேசுறாளுக?

மெஹராஜ்: அத மட்டும் கேக்காதீங்க. இங்க பேசுனது இங்கயே இருக்கும்.

பொன்னழகு: என்னையத் திட்டுறாளுகளா?

மெஹராஜ்: டீச்சர்...

பொன்னழகு: திட்டத்தான் செய்வாளுக. ரெண்டு மாசமா தொட்டதுக்கெல்லாம் எரிஞ்சு விழுகுறேன். எனக்கே தெரியுது.

மெஹராஜ்: ஒன்னே ஒன்ன மட்டும் உங்ககிட்ட சொல்லலாம்னு அவங்களே சொல்லியிருக்காங்க. சொல்லவா?

பொன்னழகு: ...சொல்லு.

மெஹராஜ்: முந்தியெல்லாம் கணக்குக்கு நடுவுல நீங்க கத சொல்லுவீங்களாம். ஆயக்குடிக்கு மகளக் கட்டிக் குடுத்ததுலருந்து சொல்றதே இல்லையாம். மத்தியானச் சோத்தையும் அப்படியே மூடி வச்சிர்றீங்களாம். "எங்கள விடுங்க மேடம், எங்க டீச்சர எப்படியாச்சும் இங்க வர வைங்க"ன்னு கேட்டாங்க.

பொன்னழகு: சோத்து டப்பாவக்கூடவா பாத்துக்கிட்டு இருந்தாளுக?

மெஹராஜ்: இன்னைக்கு ஏன் ஒருத்தியும் எழுதலன்னு இப்பத்தான் எனக்கே புரியுது. சண்ட போடவாச்சும் நீங்க வருவீங்கல்ல.

பொன்னழகு: அடி கழுதைகளா... முப்பத்தாறு பேரும் சேந்தா?

மெஹராஜ்: இந்தாங்க, கண்ணத் தொடைங்க. ஹெச்.எம். கிட்ட என்ன சொல்லப் போறீங்க? மூடிரலாம்னா?

பொன்னழகு: ஹெச்.எம். எங்க என்னைய அனுப்புனாரு... அவரு இன்னைக்கு லீவு. மூணு வாரமா ஒரு சாக்கு கெடைக்காம, இந்த வாசல் வரைக்கும் வந்து வந்து திரும்பிப் போயிருக்கேன். அந்தக் கதவச் சாத்திட்டு வந்து உக்காரும்மா. மணியடிக்க இன்னும் அர மணி நேரம் கெடக்குல்ல?