பதுங்குகுழியில் முதலிடம்

மேடையின் நடுநாயகமாய், மாலையின் பாரத்தால் கழுத்தைத் திருப்பவும் முடியாமல் வீற்றிருக்கும் விழாத் தலைவர், நம் பள்ளிக் குழுவின் நிரந்தரச் செயலாளர் ஜகதீசன் அவர்களே! இன்று ஓய்வுபெற்று விடைபெறும் எங்கள் செலின் டீச்சர் அவர்களே! லாலாகுடா ரயில்வே காலனியின் பெரியோர்களே! அடுப்பை அணைத்துவிட்டும், சிலர் அணைக்காமலும், ஓடோடி வந்திருக்கும் தாய்மார்களே! தமிழில் கூப்பிட்டால் தெலுங்கில் பதில் சொல்லும் எங்கள் செல்வங்களே! அனைவருக்கும் இப்பள்ளியின் பழைய மாணவி மங்கையர்க்கரசியின் பணிவான வணக்கம்.

எனக்கு இட்ட பணி நன்றியுரை. "அஞ்சே நிமிஷம்மா, நல்லதா நாலு வார்த்தை" என்றார் தலைவர். நல்லதைத்தான் சொல்லப்போகிறேன். சற்றுமுன் செலின் டீச்சரின் தியாகத்தைப் பற்றி முழங்கினாரே, என்ன முழக்கம்! அதே மூச்சில், வருகிற ஜூன் மாதம் முதல் தமிழ் வகுப்பு கிடையாது, பள்ளியில் இடமில்லை என்று அறிவித்தாரே, என்ன சிக்கனம்! ஒரே பந்தலில் டீச்சருக்கும் வழியனுப்பு, தமிழுக்கும் வழியனுப்பு!

இடமில்லை என்றதும் எனக்கு எழுபத்தொன்றாம் ஆண்டு டிசம்பர் மாதம் நினைவுக்கு வந்துவிட்டது. அப்போது நான் இங்கே ஏழாம் வகுப்பு.

யுத்தம் வந்தது. எல்லையிலே பீரங்கி முழங்கியது; எங்கள் பள்ளியிலே பசை காய்ச்சினார்கள். ஜன்னலுக்கெல்லாம் கறுப்புக் காகிதம் ஒட்டினார்கள். பகலில் நடக்கும் பள்ளிக்கு இருட்டடிப்பு எதற்கு என்று யாராவது கேட்டோமா? கேட்போமா? குழுவின் தீர்மானம் அல்லவா! கரும்பலகை தெரியவில்லை, கணக்குத் தெரியவில்லை, பக்கத்தில் இருப்பவள் முகம் தெரியவில்லை. தேசபக்தி மட்டும் பளிச்சென்று தெரிந்தது!

மைதானத்தில் பதுங்குகுழி வெட்டினார்கள். ஒர்க்‌ஷாப் வேலை முடிந்து வந்த நம் அப்பாமார்கள், பிள்ளைகளின் அளவுக்கு வெட்டிய குழி அது.

இந்தக் காலனிக்கு அன்று கடிகாரம் ஏது? ஒர்க்‌ஷாப் சங்குதான் கடிகாரம். சங்கு ஊதினால் எழுந்தோம், சங்கு ஊதினால் உண்டோம். யுத்தம் வந்ததும் அதை நிறுத்தினார்கள். இனிமேல் சங்கு ஊதினால் பகைவன் விமானம்; அடுத்த சங்கு ஊதும்வரை குழிக்குள் கிடக்க வேண்டும் என்று சொல்லி வைத்தார்கள்.

யுத்தம் முடிந்தது. ரேடியோ சொன்னது. ஜிலேபி தின்றோம். மறுநாள் காலை, இதே மைதானத்தில் வெற்றி விழா. இதே செயலாளர், இதே குரல். "மாணவ மணிகளே! மறுபடி பகைவன் வந்தால், முதல் குண்டை இந்த மார்பு தாங்கும்!" என்று மார்பில் தட்டினார். தட்டிய கை இறங்கவில்லை. ஊதியது சங்கு!

வேலைக்கு ஊதிய சங்கு, ஐயா! யுத்தம்தான் முடிந்துவிட்டதே, பழையபடி ஊதினார்கள். அந்த நினைப்பு எங்களில் ஒருவருக்காவது வந்ததா? ரேடியோ ஆயிரம் சொல்லட்டும்! சங்கை விட்டுவிட்டு ரேடியோவை நம்பியவர் லாலாகுடாவில் உண்டா? பின்வரிசை "ஹவ், ஹவ்" என்று நம்ம ஊர்ப் பாஷையில் ஆமாம் போடுகிறது, அனுபவஸ்தர்கள்!

ஓடினோம். அம்மாமார்கள் கட்டிலுக்கு அடியில் ஓடினார்கள், நாங்கள் குழிக்கு ஓடினோம். போய்ப் பார்த்தால், எங்களுக்கு முன்பே உள்ளே ஒருவர்! யார் என்று கேட்காதீர்கள். பெயரைச் சொல்லமாட்டேன், மேடை நாகரிகம் எனக்கும் தெரியும். முதல் குண்டைத் தாங்க வேண்டிய மார்பு முதல் இடத்தில் பத்திரமாக இருந்தது என்று மட்டும் சொல்கிறேன்!

என் வகுப்பு அப்துல் ரஹீம் கேட்டான்: "கைக்கு சார், ஏன் இப்படித் தள்றீங்க? ஜெயசுந்தரிக்கு உக்கார எடமே இல்ல!" அதற்குப் பதில் கிசுகிசுப்பாக வந்தது: "கத்தாதடா, மேல ப்ளேனுக்குக் கேட்கும்!"

ரஹீம், நீ கையைத் தூக்காதே, உன் சாட்சியம் பிறகு!

செலின் டீச்சர் எல்லாப் பிள்ளைகளையும் இறக்கிவிட்டார். கடைசியில் அவருக்கு இடமில்லை. ஓடினாரா? ஒளிந்தாரா? குழியின் விளிம்பில் குப்புறப் படுத்தார். இரண்டு கைகளையும் சேலைத் தலைப்பையும் எங்கள் தலைக்கு மேல் விரித்தார். "பயப்படாதீங்க கண்ணுகளா, டீச்சர் மேலதான் இருக்கேன்" என்றார். சாப்பாட்டுச் சங்கு ஊதும்வரை அந்த வெயிலில் அப்படியே கிடந்தார்.

விமானம் வரவில்லை. இன்று சிரிக்கிறோம். ஆனால் அது வராது என்று அவருக்குத் தெரியுமா? தெரியாதே! குண்டு விழும், தன் முதுகில்தான் விழும் என்று நம்பித்தானே அங்கே கிடந்தார்! 

தலைவர் அவர்களே, அந்த முதுகுக்கு நீங்கள் பொன்னாடை போர்த்தினீர்கள். பொன்னாடையா கேட்டார்? போன வாரம் உங்களைத் தேடி வந்து அவர் கேட்டது ஓர் அறை; அவருக்குப் பின் தமிழ் சொல்லிக்கொடுக்க ஓர் ஆசிரியர். இடமில்லை என்றீர்கள். என் மகள் கல்பகம் மூன்றாம் வகுப்பு. அவள் எங்கே உட்காருவாள்?

அன்று எங்களுக்காக வெட்டிய குழியில், ஜெயசுந்தரி மடியில் நான், என் மடியில் ஓர் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை என்று நெருக்கிக்கொண்டு உங்களுக்கு வழிவிட்டோம். இடமில்லை, வெளியே போங்கள் என்றோமா? அவ்வளவு சின்னக் குழியில் அவ்வளவு பெரியவருக்கு இடமிருந்தது. இவ்வளவு பெரிய பள்ளியில் இந்தச் சின்னப் பிள்ளைகளுக்கு இடமில்லையா?

"போதும், உட்காரும்மா" என்கிறார் தலைவர். உட்காருகிறேன் ஐயா. எங்கே என்றுதான் கேட்கிறோம்!

பந்தல் போட்டவர்களுக்கு நன்றி. தலைவர் ஜாடை காட்டியும் மைக்கை அணைக்காத வேணுகோபாலுக்குத் தனி நன்றி. செலின் டீச்சருக்கு நன்றி என்ற சொல் போதாது. எல்லோரும் எழுந்து நில்லுங்கள். ஜூன் மாதம் பள்ளி திறக்கும் நாளில், காலைச் சங்கு ஊதும்போது, பிள்ளைகளோடு இதே வாசலுக்கு வருவோம். இந்த முறையாவது தலைவர் கொஞ்சம் நகர்ந்து உட்காருவார் என்று நம்பி விடைபெறுகிறேன். வணக்கம்!