பாராசூட் ஆலைக்கு மேனேஜர் தேவை

இல்லல்ல, விளம்பரத்துல அந்த டிகிரி வரிய அடிக்காதீங்க, அது இருக்கட்டும். இன்ஜினியரிங் டிகிரி, பத்து வருஷ அனுபவம், நாப்பது பவுண்டு எட தூக்கற தெம்பு, எல்லாமே இருக்கட்டும். நான் மனு போட்டப்பவும் இப்படித்தான் கேட்டிருந்தாங்க. அந்த நாப்பது பவுண்டு எதுக்குன்னுதான் இன்னைக்கு வரைக்கும் புரியல. பதினோரு வருஷமா மேனேஜரா இருக்கேன், நான் தூக்கினதுலயே கனமான சாமான் இந்த ஸ்டேப்ளர்.

உக்காந்து எழுதுங்கம்மா. அய்யோ, அந்த நாற்காலி வேணாம், ஆடும். வேற கேட்டு உங்க ஆபீஸுக்குத்தான் எழுதிப் போட்டிருக்கேன், மூணு வருஷமாச்சு. வானத்துல இருந்து குதிக்கறவனுக்கு சாமான் செஞ்சு தர்றோம், இங்க உக்கார்றதுக்கு பயமா இருக்கு.

பொறுப்பு என்னன்னு கேட்டீங்கல்ல, எழுதிக்கோங்க. கீழ ஹால்ல நூத்தி அறுபது தையல் மிஷின். உக்காந்திருக்கறவங்கள்ல பாதிப் பேரு, சுரங்கம் மூடினதும் கவுன் தைக்கற கம்பெனிக்குப் போயி, அதையும் மூடினதும் இங்க வந்தவங்க. நானும் அப்படி வந்தவதான். டிகிரி ராத்திரி காலேஜ்ல வாங்கினது. ராணுவத்துக்குப் பாராசூட் தைப்பாங்க. மேனேஜர் ஒண்ணும் தைக்க மாட்டா. ஒரு லாட் முடிஞ்சதும் கடைசித் தாள்ல, இத நம்பி ஆளு குதிக்கலாம்னு கையெழுத்து போடுவா. அது இல்லாம ஒரு மூட்ட கேட்டத் தாண்டாது.

அடுத்தது என்ன? நெருக்கடியான சூழலில் முடிவெடுக்கும் திறன். ம். ஒரு உதாரணம் போட்டா நல்லா இருக்குமா? இருக்கு ஒண்ணு. அப்படியே எழுதிடாதீங்க, கேளுங்க மொதல்ல.

ஆறு வருஷம் முன்னாடி, பிப்ரவரி மாசம். நானூத்தி பன்னெண்டு பாராசூட், ஒரே லாட். அதுல இருபத உருவி எடுத்து, இழுத்துப் பாத்து, கிழிச்சுப் பாத்து, எட போட்டு, எல்லாம் பாஸ். இன்ஸ்பெக்டர் கையெழுத்து போட்டாச்சு. வெளிய பனி கொட்டுது, லாரிக்காரன் இன்ஜின அணைக்காம நிக்கறான். பாக்கி என் கையெழுத்து ஒண்ணுதான். சரி, சாப்ட்டு வந்து போடலாம்னு கீழ போனேன்.

முப்பத்தேழாம் மிஷின்ல டொலோரஸ்னு ஒருத்தி. துணியோட கயிறு சேர்ற எடம் இருக்குல்ல, அத தைக்கறவ. முப்பத்தோரு வருஷ சர்வீஸ். புது மிஷின் வந்து எறங்கினா மெக்கானிக்குக்கு முன்னாடி அவளத்தான் கூப்பிடுவோம், ஓட்டிப் பாத்து சத்தத்த வச்சே சொல்லிடுவா. சக்கர வியாதிக்காரி. கையில டோனட்ட வச்சுக்கிட்டே, சக்கர என் டாக்டருக்குத்தான் ஆகாதுன்னு சொல்ற ரகம்.

அன்னைக்கு சாப்பாட்டு ரூம்ல அவ காப்பி ஊத்திக்கிட்டு இருக்கா. சுட்டு விரல கப்புக்குள்ள மடக்கி வச்சிருக்கா. காப்பி விரல்ல பட்டதும் ஊத்தறத நிறுத்தறா. கொதிக்கற காப்பி.

விரல எதுக்கு உள்ள விடறன்னு கேட்டேன். சூடு இருக்கான்னு பாக்கறேன்னா. கண்ணு எப்படி இருக்குன்னேன். உன் மூஞ்சி தெரியுது, அந்தக் கொடுமையே போதும்னா. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். மேல வந்தா தாள் மேசையில கெடக்கு. கையெழுத்து போடல.

சரக்கு வாங்கற ராணுவக் கர்னல் ஃபோன் பண்ணினாரு. பேரு வேணாம், இப்ப பெரிய ஆளாயிட்டாரு. ஏன் லாரி கெளம்பலன்னாரு. காப்பி சார்னேன். என்ன காப்பின்னாரு. ஒரு தையல்காரி கப்புல விரல விட்டா சார்னேன். அப்புறம், காச்சல்ல கெடக்கறவங்ககிட்ட பேசற மாதிரி மெதுவா பேச ஆரம்பிச்சாரு. மேடம், இருபது சாம்பிளும் பாஸ் ஆயிருக்கு. ஆமா சார், நானூத்தி பன்னெண்டுல இருபது. மிச்சத்தப் பிரிச்சுப் பாக்க எத்தன நாளாகும்? பத்தொம்பது நாள் சார். ஒண்ணும் இல்லன்னா உங்க வேல போயிடும், தெரியுமா? தெரியும் சார். டொக்குனு வச்சிட்டாரு. லாரி காலியா திரும்பிப் போச்சு. அன்னைக்கு சந்தோஷப்பட்ட ஒரே ஆளு அந்த டிரைவர்தான், பனி ஏறறதுக்குள்ள வீடு போய்ச் சேந்தான்.

பிரிச்சோம். கண்ணாடி மேசைக்கு அடியில வெளக்கப் போட்டு, ஒவ்வொரு தையலா. பத்தொம்பதாவது நாள் வரைக்கும். தப்பா தச்சது எத்தன கெடைச்சிருக்கும், சொல்லுங்க பாப்போம். அவ்வளவு இல்ல. மூணு. நானூத்தி ஒம்போது சுத்தம். அந்த மூணுல ஒண்ண நானே பாத்தேன். தையல் கயிற விட்டு அரை இஞ்சு தள்ளி, வெறும் துணியில போயிருந்துச்சு. நேரா, இஞ்சுக்கு ஒம்போது தையல், எண்ணி வச்ச மாதிரி. அவ்வளவு அழகான தையல். எதையும் புடிச்சுக்கிட்டு இல்ல.

ரிப்போர்ட் எழுதணும்ல? மெக்கானிக் ஃபிளாய்ட் வந்தான். கதவ சாத்தினான். ஊசித் தண்டு தேஞ்சு போச்சுன்னு எழுதித் தர்றேன் பெர்னடெட், மிஷினுக்கு என்ன, மானமா போகப் போகுதுன்னான். டொலோரஸுக்கு முழுப் பென்ஷன் வர இன்னும் பதினாலு மாசம் இருந்துச்சு. ஹால்ல எல்லாருக்கும் அது தெரியும். கண்ணு தெரியலங்கறதும் பக்கத்து மிஷின்காரங்களுக்குத் தெரிஞ்சே இருந்திருக்கு. நூலு கலர அவங்கதான் சொல்லிக்கிட்டு இருந்திருக்காங்க.

அவளக் கூப்பிட்டேன். பேக்கிங் பக்கம் மாத்தித் தர்றேன், போறியான்னேன். அதுக்கு டாக்டர் சர்ட்டிபிகேட் கேப்பாங்க, கண்ணப் பாப்பாங்க, நான் வர மாட்டேன்னா. வேற மிஷின் குடு, நான் பாத்துக்கறேன்னா. பாத்துக்கறேன்னு சொல்றா, என்னைப் பாக்காம செவத்தப் பாத்து.

மூணு நாள் யோசிச்சேன். ஃபிளாய்ட் சொன்ன மாதிரி எழுதினா புது மிஷின் வரும். திங்கக்கெழம அவ அதுல உக்காருவா. பதினாலு மாசம் உக்காருவா. கணக்கு அதோட முடிஞ்சு போச்சு. அவ பேரப் போட்டே எழுதிட்டேன்.

யூனியன் நல்லாவே போராடிச்சு, பாவம். என்னை எதுத்துத்தான், ஆனா நல்லா போராடிச்சு. உடல்நலக் குறைவுன்னு அனுப்பினாங்க, பென்ஷன்ல மூணுல ஒரு பங்கு போச்சு. கடைசி நாள் இங்க வந்தா. கதவு நெலையப் புடிச்சுக்கிட்டு நின்னா. நான் தச்சதுல தொங்கிக்கிட்டு எத்தன பேரு எறங்கியிருப்பான், ஒருத்தனாவது விழுந்திருக்கானான்னா. இல்லன்னேன். அப்புறம் ஏன் எழுதினன்னா. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள போயிட்டா. பதில்தான் ரிப்போர்ட்ல மூணாம் பக்கத்துல எழுதியாச்சு.

கர்னலா? ஒரு பாராட்டுக் கடிதாசி அனுப்பினாரு. சரியான நேரத்தில் தாம் எடுத்த முடிவுன்னு அவரப் பத்திதான் ரெண்டு பாரா.

தகுதிக்கு இத எப்படி எழுதறதுன்னு எனக்கும் தெரியல. முடிவெடுக்கும் திறன்னே விடுங்க. வர்றவங்க வந்து தெரிஞ்சுக்கட்டும். அப்புறம், எல்லாரோடயும் ஒத்துப்போற குணம்னு ஒரு வரி இருக்கு பாருங்க, அத மட்டும் எடுத்துடலாமா? முடியாதா? சரி, ஆபீஸ் விதின்னா இருக்கட்டும்.

வேற என்ன, இன்னும் ஒரு கட்டமா? பதவி காலியாகும் காரணம். ஓய்வுன்னு போடாதீங்க, அது தப்பு. எனக்கு இன்னும் நாலு வருஷம் இருக்கு.

டொலோரஸுக்கு இப்ப சுத்தமா தெரியாதும்மா. கிட்னியும் போச்சு, வாரத்துல மூணு நாள் டயாலிசிஸ். அவ புருஷன் ஸ்டான்தான் வண்டியில கூட்டிட்டுப் போய்க்கிட்டு இருந்தான். மார்ச் மாசம் செத்துட்டான். அடக்கத்துக்குப் போயி கடைசி வரிசையில நின்னுட்டு வந்தேன். ஆறு வருஷமா சர்ச்சுல நான் எட்டு மணி பூசைக்குப் போனா அவ பத்து மணி பூசைக்குப் போவா. பேச்சு வார்த்த கெடையாது. போன மாசம் ஃபோன் பண்ணினா. ஹலோ கூட இல்ல. செவ்வா, வியாழன், சனி, காலைல ஆறு மணிக்கு, உன்னால முடியுமான்னா. முடியும்னேன். சரின்னு வச்சிட்டா. மறுநாளே உங்க ஆபீஸுக்கு ராஜினாமா அனுப்பிட்டேன்.

லீவு தந்திருப்பாங்கதான். எத்தன நாளைக்குத் தருவாங்க?

என்னது? அவ எனக்கு என்ன வேணும்னா? ஓ, அதுவா. கல்யாணமானா பேரு மாறிடுதுல்ல, அதான் உங்களுக்குத் தெரியல. ஃபைல்ல இருக்கும் பாருங்க, அந்த ரிப்போர்ட்டுக்குக் கீழயே உறவினர்னு நானே எழுதிக் குடுத்திருக்கேன். எங்க அக்கா. எனக்கு அவ ஒருத்திதான்.

சொந்தக் காரணம்னு போட்டுக்கோங்க. அந்தக் கட்டத்துல அவ்வளவுதான் எடம் இருக்கு.