மூன்றாவது கட்டத்தில் இன்னொரு ஆள்

— ...சுவத்துப் பாம்புக்கு இமை வரைஞ்சு வெச்சிருக்கார் அண்ணி, நம்ம பால்காரர்!

— அழிச்சிடாதே தம்பி. பாம்புக்கு இமையே கிடையாதுன்னு சொல்லிப் பாத்துட்டேன். லட்சணமா இருந்துட்டுப் போகட்டும் டீச்சர்ங்கிறார்.

— போன வருஷம் வரைக்கும் கண்ட உடனே கம்பு எடுத்த மனுஷன்...

— இப்போ உக்காந்து மை தீட்டுறார். போதாதா? நீ உன் வேலையை முடி. காலையில தெருவே ஆஸ்பத்திரிக்கு வந்து நிக்கும், இந்தச் சுவரைப் பாக்க.

— மூணு கட்டம்தானே. கடிபட்டவர் அசையாம உக்காந்திருக்கார், பாம்பு அது பாட்டுக்குப் புதருக்குள்ள போகுது. அடுத்ததுல வண்டியில ஏத்துறாங்க. மூணாவது... செய்யக் கூடாதது.

— அந்த மூக்கு சரியில்ல.

— யாரோ ஒருத்தர்தானே அண்ணி.

— யாரோ ஒருத்தருக்கு எதுக்கு உங்க அண்ணன் காது? வெச்சா முழுசா வை. மூக்கு நுனி கொஞ்சம் தடிமன். சிரிச்சா இடது கன்னம் மட்டும் ஒதுங்கும்.

— பாம்பு கடிச்சவர் சிரிப்பாரா?

— சிரிச்சாரே... 'பயப்படாதே, முள்ளு குத்தின மாதிரிதான் இருக்கு'ன்னு...

— இதோ, இடது கன்னத்தை ஒதுக்கிட்டேன்.

— அவர் போய் ரெண்டு வருஷம் ஆச்சு. கனவுல வந்தாக்கூட முகத்தைத் திருப்பிக்கிறார். சுவத்துலயாவது என்னைப் பாக்கட்டும்.

— இப்போ பாருங்க.

— இன்னும் கொஞ்சம்... ம்... போதும். கையை எடு. அவர்தான்.

— கொஞ்சம் உக்காருங்க அண்ணி.

— ஒண்ணுமில்ல. மூணாவதுல கம்போட நிக்கிறது யாரு? அடப்பாவி... உன் மூஞ்சியை எதுக்குடா வெச்சே?

— அன்னைக்கு நான்தானே பாம்பைத் தேடினேன். அரை மணி நேரம், விறகையெல்லாம் கலைச்சுப் போட்டு. அண்ணன் பாட்டுக்குப் படியில உக்காந்திருந்தார்.

— அழி.

— எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே. பாம்பைக் கொண்டு போனாத்தான் மருந்து போடுவாங்கன்னு நெனச்சேன்.

— நீயாவே நெனச்சியா?

— ஆமா.

— அந்தக் கட்டத்துல வாசல் பக்கம் இடம் இருக்கு பார். அங்க ஒரு பொம்பளையை வரை. கையை நீட்டிக் கத்துறா. 'விடாதே, அடி, அதையும் கொண்டு போகணும்'னு.

— வேண்டாம் அண்ணி. படம் நெரிசலாயிடும்.

— ஆகட்டும். 'பாம்பைத் தேடாதீங்க, ஆளைத் தூக்குங்க'ன்னு வகுப்பு வகுப்பா தொண்டை கிழியச் சொல்றேன். அன்னைக்கு யாரு தேடச் சொன்னதுன்னு ஒரு நாளாவது வாயைத் திறந்திருக்கேனா? பழியெல்லாம் உன் தலையில... அந்த அமளியில உனக்குக் கேட்டிருக்காது தம்பி. கத்தினது நான்தான்.

— கேட்டுச்சு அண்ணி. அண்ணனுக்கும் கேட்டுச்சு. வண்டியில என் மடியில சாஞ்சுக்கிட்டு, நாக்கு குழறக் குழற, 'நீயாவே தேடினதா இருக்கட்டும்டா... அவ தாங்கமாட்டா'ன்னார்.