மண் எடுத்த இடம்

அக்கா: ...சிரிக்காதடா. புது நகராட்சி ஆபீஸ் கட்டப்போற இடத்துலேருந்து நீ எடுத்துக் குடுத்த மண்ணு, எங்க லேப்ல ஃபெயில்.

தம்பி: மண்ணுக்கும் பரீட்சை வச்சிட்டீங்களா? எதுல ஃபெயிலு, கணக்குலயா?

அக்கா: ஈயத்துல. இருக்கலாம்னு சொல்ற அளவைவிடப் பல மடங்கு.

தம்பி: சும்மா பயமுறுத்தாதக்கா.

அக்கா: எனக்கே நம்பிக்கை வரல. மெஷின்தான் கோளாறோன்னு மறுபடியும் போட்டுப் பாத்தேன். அதேதான்.

தம்பி: என் டப்பாதானா? வேற யாரோடதாவது மாறி...

அக்கா: கோழி கிளறின மாதிரி மேல எழுதியிருக்கு. அந்தக் கையெழுத்து வேற யாருக்கு வரும்?

தம்பி: இல்லக்கா... அந்த மண்ணுல ஈயம் இருக்க முடியாது.

அக்கா: ஏன் முடியாது? அங்க முன்னாடி ஈயத்துல பேட்டரி செய்ற கம்பெனி இருந்துச்சு. அதுக்காகத்தானே கட்டுறதுக்கு முன்னாடியே மண்ணைப் பாக்குறோம். நீ என்ன பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?

தம்பி: ஈயம்... உடம்புக்குள்ள போனா என்ன ஆகும்?

அக்கா: பெரியவங்களுக்கே நல்லதில்ல. சின்னப் பிள்ளைங்கன்னா மூளையையே பாதிக்கும். சாயங்காலம் ரிப்போர்ட் கமிஷனருக்குப் போயிடும்.

தம்பி: அனுப்பாதக்கா.

அக்கா: என்னது?

தம்பி: இப்போதைக்கு அனுப்பாத...

அக்கா: எவன்டா உன்கிட்ட பேசினது? காண்ட்ராக்டரா? கூடப் பொறந்தவன்னு பாக்க மாட்டேன், சொல்லிட்டேன்.

தம்பி: சத்தியமா யாரும் பேசல. நீ கொஞ்சம் உக்காரு...

அக்கா: எதுக்குடா உக்காரணும்? விஷயத்தைச் சொல்லு.

தம்பி: அங்க நான் குழியே போடலக்கா.

அக்கா: குழி போடாம மண்ணு எப்படி வந்துச்சு?

தம்பி: மேல பூரா பழைய கான்கிரீட். குழி போடுற மெஷின் இறங்கவே மாட்டேங்குது. அன்னிக்கே மண்ணு வேணும்னு சூப்பர்வைசர் வேற உசுரை வாங்கினாரு. எங்கயாவது நல்ல மண்ணா எடுத்துப் போட்டா, ஒரு பிரச்சனையும் வராதுன்னு...

அக்கா: அடப்பாவி. எங்க எடுத்த?

தம்பி: திட்டாத...

அக்கா: எங்கடா எடுத்த?

தம்பி: நம்ம வீட்டுக்குப் பின்னாடி.

அக்கா: பின்னாடியா?

தம்பி: என் குட்டி தினம் புரண்டு விளையாடுற இடம்க்கா. நேத்துகூட வாயெல்லாம் மண்ணு. நான் சிரிச்சுக்கிட்டே தொடச்சு விட்டேன்.

அக்கா: ஐயோ... வீட்டுக்குப் போன் போடு. முதல்ல பிள்ளையை உள்ள தூக்கச் சொல்லு. கை கால் நல்லாக் கழுவிவிடச் சொல்லு. இன்னிக்கே ரத்தம் எடுத்துப் பாத்துடணும்.

தம்பி: எதுக்கு? லேப்லதான் ஏதோ தப்பு நடந்திருக்கு. நம்ம தெருவுல ஒரு கம்பெனிகூடக் கிடையாது, நம்ம வீட்டுக்கு எங்கேருந்து ஈயம் வரும்? தப்புன்னு சொல்லுக்கா.

அக்கா: தப்பு இல்லடா.

தம்பி: உனக்கு எப்படித் தெரியும்?

அக்கா: முதல்ல போனைப் போடு...

தம்பி: எப்படித் தெரியும்னு கேக்குறேன்ல?

அக்கா: நான் லேப்ல சேர்றதுக்கு முன்னாடி, வீட்டுக்குப் பின்னாடி தண்ணி தேங்குதுன்னு லாரியில மண்ணு அடிச்சேனே... தோப்பு மண்ணுன்னு உங்க எல்லார்கிட்டயும் பொய் சொன்னேன்டா. ஓசி மண்ணுன்னா உன் பொண்டாட்டி முகத்தைச் சுளிப்பாளேன்னு... அந்தப் பேட்டரி கம்பெனியை இடிச்சப்ப, அங்கேருந்து அள்ளிட்டு வந்து கொட்டினதுதான் அது.