ஏஞ்சலும் எட்டு நியானும்

பிரின்ஸ், ஸ்டெல்லா, நேற்று மதியம் லிங்கராஜபுரம் பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பெண்கள் பேசியதை உங்களுக்காக எழுதி வைக்கிறேன்.

"அக்கா, போன வாரம் எட்டு பேர் இருந்தாங்க. காலையில பார்த்தா அஞ்சு பேர்தான்," என்றாள் இளையவள்.

டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த கண்டக்டர், "ஏனாயித்தம்மா?" என்ன ஆச்சு என்று கன்னடத்தில் கேட்டுப் பதறித் திரும்பினார்.

"ஒண்ணுமில்ல சார், நியான் மீனுங்க. எங்க வீட்டுக்காரர், ஃபில்டர்தான் இழுத்திருக்கும்னு தினமும் அதைக் கழட்டிப் பார்க்கிறாரு."

மூத்தவள் சிரித்தாள். "அதே தொட்டியில ஏஞ்சல் மீன் விட்டிருக்கியாடி?"

"ரெண்டு. வாங்கும்போது சட்டைப் பொத்தான் சைஸ். இப்போ என் உள்ளங்கை அளவு. ரொம்ப சாதுக்கா!"

"உன் முன்னாடி சாது. வாய்க்குள்ள அடங்குற மீன் அதுக்குச் சாப்பாடு. ஏஞ்சல்னு பேர் வச்சது நாமதானே, அதுக்கென்ன தெரியும்?"

"ஐயோ! அதுங்களுக்குத்தான் மொதல்ல தீனி போடுறேன்."

"அதுங்களைத் திட்டாதே, அதுங்க மேல தப்பில்ல. மிச்ச நியானை என் தொட்டிக்குக் கொடுத்துடு. ஏஞ்சலுக்குத் துணையா, அடியில மேயுற கோரி மீன் நாலு வாங்கி விடு."

"அவர்கிட்ட என்ன சொல்றது?"

"பாவம், ஃபில்டரை மாட்டச் சொல்லு."

இருவரும் சிரித்தபடியே இறங்கினார்கள்.

நான் வீட்டுக்கு வந்தபோது நீங்கள் ஸ்கூலில் இருந்தீர்கள். நம் தொட்டியில் ஆறு நியானும் பத்திரமாக இருந்தன. நம் ஏஞ்சல் இன்னும் பொத்தான் அளவுதான். அது எவ்வளவு வளர்ந்ததும் நியான்களை மாற்ற வேண்டும் என்று யோசித்து, உங்கள் உயரத்தைக் கதவில் குறிக்கிற ஸ்கெட்ச் பேனாவால் தொட்டியின் கண்ணாடியில் அந்த நீளத்துக்கு ஒரு சின்னக் கோடு போட்டேன்.